பதிவுக்காரி மைமூனா

மைமூனாவுக்கு வீடு கிடைத்தது அவளுடைய புருஷன் செத்ததால்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்தபோது கல்முனைக் கடற்கரையில் அவர்களுடைய கிடுகுக் குடிலைக் காற்று கொண்டுபோனது. வாசலில் நின்ற தென்னை அவளுடைய புருஷன் மீராமுகைதீனின் மேல் விழுந்தது. கரைவலை இழுத்துப் பிழைத்தவன். விடிந்த பிறகுதான் மரத்தைத் தூக்கி அவனை எடுத்தார்கள். மைமூனாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மகள் ஜெஸீமாவுக்குப் பன்னிரண்டு.

அகதிகளாகப் பள்ளிக்கூடத்தில் கிடந்த சனத்துக்கு எங்கிருந்தோ நிவாரணம் வந்தது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடற்கரை வளவில் இருபத்துநாலு கல்வீடுகள் எழும்பின. ஒரு மண்டபம், ஓர் அறை, பின்னால் சமைக்கத் தகரம் போட்ட குசினி. வீடும் நிலமும் பள்ளிவாசலுடையவை. குடியிருப்பவர்கள் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும். வீட்டையும் உழைப்பாளியையும் சேர்த்து இழந்தவர்களுக்கு முதலிடம் என்றார்கள். அப்படித்தான் பத்தாம் இலக்கம் மைமூனாவுக்கு வந்தது.

வீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் துறப்பை, கையில் தந்தவர் ஆதம்பாவா மரைக்கார். அந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஓடு உடைந்தால் ஆள் அனுப்புவார். கொப்பி, கடிதம் ஒன்றும் அவரிடம் கிடையாது.

“இந்தா புள்ள, துறப்பு. ஊடு ஒனக்கு. மறுகா ஒன்ட மகளுக்கு” என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். மகள் குடும்பமாகிவிட்டால் தாய் குசினிப் பக்கமாக ஒதுங்கிக்கொள்வாள். ஆகவே மரைக்கார் சொன்ன அந்த இரண்டு வரியை மைமூனா காணி எழுதிக் கொடுத்த ஓர் உறுதிப் பத்திரத்தைப் போல மனதில் வைத்திருந்தாள்.

பக்கத்து ஒன்பதாம் இலக்கத்தில் றஹீமா இருந்தாள். புருஷன் மௌத்தான பிறகு மைமூனா வெளியே வராமல் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அகதிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தண்ணீர் சுமந்து, சோறு கொண்டுவந்து கொடுத்தவள் றஹீமாதான். வீடு கிடைத்த பிறகும் இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஓர் ஆள் நுழையுமளவுக்கு வழி விட்டிருந்தார்கள். றஹீமாவின் புருஷன் சவூதிக்குப் போனான். முதல் வருடம் காசும் கடிதமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றன. அவளுடைய புருஷனில்லாத தங்கச்சி சல்மாவின் குடில் தீப்பிடித்து எரிந்ததும் மூன்று பிள்ளைகளோடு அவளும் ஒன்பதாம் இலக்கத்துக்கே வந்து சேர்ந்தாள்.

எண்பத்திரண்டு நோன்பில் மரைக்கார் மௌத்தானார். அடுத்த வருடத் தொடக்கத்தில் வீடுகளைப் பார்க்கப் புதிய சபை ஒன்று வந்தது. அதன் செயலாளர் சாலிஹ். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனை. ஆளை நேரே பார்க்காமல், கையிலுள்ள கடதாசியைப் பார்த்தபடிதான் பேசுவார்.

அவர் வந்த முதல் கிழமையே கிணற்றடி மரத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். வாசிக்கத் தெரிந்தவள் மைமூனா ஒருத்திதான். அவள் உரக்க வாசித்தாள்.

“ஒரு வீட்டில் ஒரு குடும்பமே வசிக்கலாம். குடும்பத் தலைவராக ஆணின் பெயரே பதியப்படும். ஆண் தலைவர் இல்லாத வீடுகள் பற்றிச் சபை தீர்மானிக்கும்.”

“அப்ப எங்குட ஊட்டுக்கு?” என்றாள் றஹீமா.

மைமூனா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“நீங்க எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்ச?”

சாலிஹ் கிளாக்கர் நின்றுகொண்டிருந்தார். மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“எட்டு மட்டும், சேர்.”

அவர் ஒரு பேனையை நீட்டி, கடதாசியில் அவளுடைய பெயரையும் வீட்டிலக்கத்தையும் எழுதச் சொன்னார். எழுத்தைப் பார்த்தார். அன்று பின்னேரமே பத்தாம் இலக்கத்து வாசலுக்கு வந்தார்.

“ஆம்பிளையள் கடலுக்குப் போற நேரத்துல நான் ஊட்டுக்கூட்டுக்கு நுழைய ஏலா. ஒரு பொம்பிளை வேணும். ஆராரு இரிக்கிறா, எத்தினை குடும்பம், மாசத்துக்கு ஒருக்கா எழுதித் தரணும். உள்ளத எழுதணும்.”

“எனக்கென்னத்துக்கு சேர் இந்த வேல?”

“ஒங்கட ஊடும் ஆம்பிளை இல்லாத ஊடுதான். சபையில கதை வந்த.” கடதாசியை மடித்தார். “நீங்க சபைக்கு உதவி செஞ்சா, ஒங்கட பேருலயே ஒரு கடிதம் எடுத்துத் தரலாம்.”

மைமூனா ஜெஸீமாவைப் பார்த்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள். இரண்டு வருடத்தில் கலியாணம் பேச வேண்டும். “ஓம் சேர்” என்றாள். அவர் நீளமான கொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் இலக்கத்தை அவள் கடைசிக்குத்தான் வைத்தாள். றஹீமா பாய் விரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சல்மாவின் கடைசிப் பிள்ளை மைமூனாவின் மடியில் ஏறிக்கொண்டது.

“சல்மாவ எழுதாத கா. விருந்துக்கு வந்தவ எண்டு செல்லு. அவள் எங்க போவா?”

“நான் பாத்துக்கொள்றன். நீ பயப்படாத” என்றாள் மைமூனா.

அப்படிச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போய்க் கொப்பியை விரித்தபோது மகள் எதிரில் இருந்து தலைமயிர் கோதிக்கொண்டிருந்தாள். மைமூனா கன நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு முத்து முத்தாக எழுதினாள்: “இலக்கம் ஒன்பது. இரண்டு குடும்பம். ஆண் தலைவர் வெளிநாட்டில். கடிதத் தொடர்பு இல்லை.” கடைசி வசனத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகத்தான் எழுதினாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சல்மாவின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு சகோதரிகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சபையின் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். ஒன்பதாம் இலக்கத்தின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தார்கள். அரிசிப்பானை, பாய், பெட்டகம், பிள்ளைகளின் பாடப் புத்தகம். மாவுச் சாடி கைதவறி உடைந்தது. கதவில் புதிய பூட்டு ஒன்று விழுந்தது.

றஹீமா வெயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சாமான்களைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.

“என்ன இது, கிளாக்கர்?”

“பதிவிலுள்ளபடி ரெண்டு குடும்பம். ஆண் தலைவரும் இல்ல. சபையின்ட தீர்மானம்.”

“ஆரு எழுதின?”

சாலிஹ் கிளாக்கர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். றஹீமாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவரே சொன்னார்: “ஒங்கட பக்கத்து ஊட்டார்தான்.”

மைமூனா உள்ளே கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நின்றாள். றஹீமா வேலி வழியாக வந்து கதவைத் தட்டுவது கேட்டது. ஏசுவாள், மண் வாரித் தூற்றுவாள் என்று மைமூனா எதிர்பார்த்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை.

“மைமூனா, புள்ளக்குக் கொஞ்சம் தண்ணி தா. காய்ச்சல் கொதிக்கிது.”

மைமூனா அசையவில்லை.

“தண்ணி மட்டுந்தான் கா கேக்கிறன்.”

ஜெஸீமா குடத்தடிக்குப் போகக் காலெடுத்தாள். தாய் அவளுடைய கையை இறுகப் பிடித்தாள். வெளியே சிறிது நேரம் பிள்ளையின் அனுங்கல் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் வேலிப்பக்கம் போனது. அன்றிரவு றஹீமாவும் சல்மாவும் பிள்ளைகளும் மீன்வாடிகளுக்கு அங்கால் ஓர் உடைந்த தோணியின் மறைவில் கிடந்தார்கள் என்று மறுநாள் ஊர் பேசியது. சல்மாவின் பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அதற்கு ஒரு காது கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாலிஹ் கிளாக்கர் சொன்னபடியே கடிதத்தைக் கொண்டுவந்தார். முத்திரை குத்திய ஒரு தாள். ‘சபையின் மறு தீர்மானம் வரை மைமூனா உம்மா வசிக்கலாம்’ என்றிருந்தது. மைமூனா அதைப் பொலித்தீனில் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்தாள். ‘மறு தீர்மானம் வரை’ என்பதை அவள் வாசித்தாள். அதில் நின்று யோசிக்கவில்லை.

அதன்பிறகு கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் அள்ளிவிட்டுப் போகும்வரை மற்றவர்கள் குடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். “பதிவுக்காரி” என்று பெயர் விழுந்தது. முதலில் அது அவளைக் குத்தியது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்தும்விட்டது. அவள் வருவதைக் கண்டால் பெண்கள் எழும்பி நின்று கதிரை போட்டார்கள். பொரித்த மீன் வைத்தார்கள். வேலியில் காயும் சட்டைகளைக் கண்ணாலேயே எண்ணி, எந்த வீட்டில் எத்தனை ஆண்கள் என்று கண்டுபிடிக்க அவள் பழகிக்கொண்டாள். அந்த வருடத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் பூட்டு விழுந்தது.

எண்பத்துநாலு ஜனவரியில் ஜெஸீமாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை முனாப். கல்முனை பஸாரில் ஓர் இரும்புக்கடையில் நின்றான். பேசி முடிக்க வந்த அவனுடைய தாய், “ஊடு இரிக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள். மைமூனா பெட்டகத்தைத் திறந்து கடிதத்தை எடுத்துக் காட்டினாள். தாய்க்கு அது போதுமாக இருந்தது. முனாப் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தான்.

“இதுல ஒங்கட பேருதானே மாமி இரிக்கி.”

“என்ட பேரு எண்டா என்ன மகன், அவட பேரு எண்டா என்ன? எனக்கு வேற ஆரு?”

அவன் சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

காவின் எழுதிக் கலியாணம் முடிந்த அன்றிரவே மைமூனா தன் பாயைக் குசினிக்குக் கொண்டுபோனாள். அதில் அவளுக்குக் குறையில்லை. எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். ஆனால் அடுத்த மாதம் கொப்பியை விரித்தபோது பத்தாம் இலக்கத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று கை நின்றது. மருமகன் வந்தால் அது மகளின் குடும்பம். அப்போது தாய் யார்? றஹீமாவின் வீட்டில் சல்மா எதுவோ, இங்கே அவள் அதுதான். அவள் எழுதினாள்: “மைமூனா. மகள். ஒரு குடும்பம்.” எட்டு மாதமாக அதையே எழுதினாள். மற்ற எல்லா வீட்டுக்கும் உள்ளதை எழுதியவள் தன் வீட்டுக்கு மட்டும் பொய் எழுதினாள்.

செப்டம்பரில் சாலிஹ் கிளாக்கர் கொப்பியோடு வந்தார். கூடச் சபையின் ஆட்கள் இரண்டு பேர். மைமூனா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். முனாப் கடைக்குப் போகாமல் வீட்டில் நின்றான். அது அவளுக்கு விளங்கவில்லை.

“இது ஆர்ட எழுத்து?”

“என்ட எழுத்து, சேர்.”

“ஒரு குடும்பமா?”

அவள் கொப்பியிலுள்ள தன் எழுத்தைப் பார்த்தாள்.

“நீங்க எழுதினதெல்லாத்தையும் நம்பித்தானே நாங்க மூணு ஊட்டைப் பூட்டின. இப்ப சனம் என்ன செல்லும்?” அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற ஜெஸீமாவிடம் திரும்பினார். ஆறு மாதக் கர்ப்பிணி. “புள்ள, நீங்க செல்லுங்க. இந்த ஊட்டுல ஆராரு இரிக்கிற?”

ஜெஸீமா முனாப்பைப் பார்த்தாள். முனாப் நிலத்தைப் பார்த்தான்.

“நானும் அவருந்தான், சேர்.”

“உம்மா?”

“உம்மா வந்து போறவ.”

மைமூனாவின் கைகளில் மீன்செதில் ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைத்துத் துடைத்து நின்றாள். சாலிஹ் கிளாக்கர் கதிரையில் இருந்து எழுதினார். ‘இலக்கம் பத்து. ஒரு குடும்பம். தலைவர்: முனாப்.’ பெட்டகத்திலிருந்த கடிதத்தைக் கேட்டார். ஜெஸீமாதான் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளாக்கரிடம் போய்ச் சொன்னது முனாப்தான் என்பது பிறகு தெரியவந்தது. மாமி இருந்தால் ஒருநாள் ஒன்பதாம் இலக்கத்துக்கு நடந்தது நமக்கும் நடக்கும், நாமே முந்திக்கொண்டால் வீடாவது மிஞ்சும் என்று மனைவியையும் சம்மதிக்க வைத்திருந்தான். அவன் சொன்னதில் பிழையில்லை. அப்படித்தான் நடந்திருக்கும்.

சபையின் ஆட்கள் போன பிறகு ஜெஸீமா தாயின் காலடியில் இருந்து அழுதாள். “இல்லாட்டி எல்லாரையும் போட்டுப் பூட்டுவாங்க உம்மா. நீங்களே அண்டைக்குக் கதவத் துறக்க உடல்லியே” என்றாள்.

மைமூனா குசினிக்குப் போனாள். அடுப்பிலிருந்த கறியை இறக்கி வைத்தாள். இரண்டு சேலையையும் தொழுகைப் பாயையும் ஓர் உரப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

போக அவளுக்கு ஓர் இடமும் இல்லை. கடற்கரையால் நடந்து, மீன்வாடிகளுக்கு அங்கால் றஹீமா போட்டுக்கொண்ட குடிலுக்கு முன்னால்தான் போய் நின்றாள். ஏன் அங்கே போனாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. சல்மாவின் கடைசிப் பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. மைமூனா கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. கேட்காத காதுப் பக்கம் அவள் நின்றிருந்தாள்.

றஹீமா வெளியே வந்தாள். உரப்பையைப் பார்த்தாள். கேட்காமலே எல்லாம் விளங்கிவிட்டது.

“ஒன்னையும் எழுதினாங்களா?”

“ஓம்.”

“ஆரு செல்லின?”

“புள்ள.”

றஹீமா உள்ளே போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்தாள். மைமூனா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“நான் ஒன்னைப்போல இல்ல, கேட்ட தண்ணியத் தருவன். இடம் தரமாட்டன். போ, மைமூனா. புள்ளயள் ஒன்னைக் கண்டா பயப்படுங்கள்.”

மைமூனா போனாள்.

கொஞ்ச நாள் சாய்ந்தமருதில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் நெல் குற்றிக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அட்டாளைச்சேனையில், ஆசிரியப் பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளைகள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. அரிசி மூட்டை அடுக்கிய அறையில் படுக்கை. பிள்ளைகள் அவளுடைய எழுத்தைக் கண்டு வியந்து, சாமான் துண்டு எழுத அவளிடம் கொடுத்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். எழுத்து மறந்துவிட்டது என்றாள்.

பேத்தி பிறந்த செய்தி வந்தது. அவள் போகவில்லை. நாற்பதாம் நாளுக்கு ஒரு சட்டை தைத்து, பஸ்ஸில் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். பெருநாளைக்கு ஜெஸீமா பிள்ளையோடு வந்தாள். மைமூனா சோறு போட்டாள். பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். மகளோடு பேசவில்லை. இரண்டாவது பெருநாளும் அப்படித்தான் போனது.

எண்பத்தெட்டில் வீடுகளின் நிருவாகம் மறுபடியும் மாறியது. சாலிஹ் கிளாக்கர் விலகினார். இந்த முறை வந்தவர்கள் தாராளமானவர்கள். பதிவிலுள்ள தலைவர்களுக்கே வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். சனம் வெடி கொளுத்தியது. பத்தாம் இலக்கத்தின் உறுதி முனாப்பின் பெயரில் வந்தது.

ஒரு வருடம் போகவில்லை. முனாப் சம்மாந்துறையில் வேறொரு பெண்ணைக் கலியாணம் முடித்தான். எங்கள் ஊரில் அப்படிச் செய்பவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவான். வீடு பெண்ணுக்கு இருக்கும். அந்த வழக்கத்தில்தான் எத்தனையோ பெண்கள் சாகாமல் தப்பினார்கள். முனாப் போகவில்லை. ஜெஸீமாவைப் போகச் சொன்னான். அவள் காதியாரிடம் நியாயம் கேட்கப் போனாள். “உறுதி அவர்ட பேருல இரிக்கி மகள், நான் என்ன செய்ய?” என்றார் அவர்.

பிள்ளையோடு அவள் அட்டாளைச்சேனைக்கு வந்தபோது மைமூனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் சொன்னதை முழுதாகக் கேட்டாள். மூன்று நாள் அவர்களை மூட்டை அறையில் தன்னோடு வைத்திருந்தாள். நாலாம் நாள் வீட்டுக்காரி முணுமுணுக்கத் தொடங்க, மருதமுனைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு மகளோடு அவள் பேசிய பேச்சு அந்த வாசலில்தான்.

“றஹீமாக்குச் செஞ்சது நான். அத நீ பாத்துப் படிச்ச. எனக்கு ஒன்னில கோவமில்ல.” பேத்தியின் தலையைத் தடவினாள். “ஆனா என்னால ஒன்ட மொகத்தப் பாக்க ஏலாம இரிக்கி.”

அதற்குப் பிறகு அவள் மருதமுனைப் பக்கம் போகவில்லை.

எண்பத்தொன்பது மாரியில் நெஞ்சுச் சளி பிடித்தது. சமையல்கட்டில் விழுந்தவளைப் பெண்பிள்ளைகள் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஸுபஹுத் தொழுகைக்கு முன்னால் மௌத்தானாள். நாற்பது வயது.

மையித்தை எந்த வீட்டுக்கு எடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ஜனாஸா வீட்டிலிருந்து எடுப்பதுதான் முறை. அட்டாளைச்சேனை வீட்டுக்காரி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏலாது என்றாள். தறிக்காரரின் வீட்டில் ஜெஸீமாவுக்கு ஒரு மூலைதான் இருந்தது. யாரோ பத்தாம் இலக்கத்துக்குப் போய்க் கேட்டார்கள். முனாப் வீட்டில் இல்லை. உள்ளேயிருந்த புதுப் பெண்சாதி, “அவரு வரட்டும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஆகவே பள்ளிவாசலின் குளிப்பாட்டும் கொட்டிலில் வைத்தே கழுவி, வெள்ளைத் துணியில் கபனிட்டு, அடக்க நேரே மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். மையித்தைச் சுமந்த சந்தூக்குக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்கள் நடந்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜெஸீமா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தூக்கு வளைவில் மறையும்வரை வீதியோரம் நின்றாள். அழுகைக்கு இருக்கவும், வருகிறவர்களுக்குப் பாய் விரிக்கவும் ஒரு வீடில்லாததால், மருதமுனைக்குப் போகும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.